பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம்மை நம்பி ஃபேன் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ரைசன் 5 5600 பிராசசர் போட்ட கம்ப்யூட்டர். அதன் சூட்டைத் தணிக்க நாலு ஹீட்பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) வைத்த டவர் கூலர். அதோடு வந்த 120 மி.மீ. ஃபேன் மூன்றே வருஷத்தில் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. ஃபேனை மட்டும் மாற்றலாம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: ஆர்க்டிக் பி12, நாக்டுவா என்எஃப்-பி12 ரிடக்ஸ் 1700, நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25. காற்றின் அளவு முறையே 56.3, 70.75, 60.1 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி). விலை கூடின ஃபேனுக்கு ஏன் ரிடக்ஸை விட எண் குறைவு? எதை வாங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் உங்கள் ஹீட்சிங்குக்கான, அதாவது கூலரில் உள்ள தகட்டு அடுக்குக்கான, எண்களும் இல்லை. சிஎஃப்எம் என்பது, எதிரே எந்தத் தடையும் இல்லாமல் ஃபேனை ஓடவிட்டு அளந்தது. பக்கத்திலேயே ஸ்டேட்டிக் பிரஷர் என்று இன்னொரு எண் இருக்கும். அது காற்று வெளியேறும் வழியை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது. ஒன்றில் தடையே கிடையாது, இன்னொன்றில் காற்றே நகராது. உங்கள் ஃபேன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓடப்போகிறது.

கொசுவலைக்குள் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மேலே அதே சீலிங் ஃபேன், அதே ஸ்பீடு, வலையைக் கட்டினதும் காற்று பாதியாகிவிடும். ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகள் ஃபேனுக்குக் கொசுவலை மாதிரி. எந்த ஃபேன் வலையைத் தாண்டியும் காற்றைத் தள்ளுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

ஸ்டேட்டிக் பிரஷரை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா என்றால் அதுவும் முடியாது. ரிடக்ஸுக்கு 2.83 மி.மீ. (அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தில் சொல்வது), ஏ12எக்ஸ்25க்கு 2.34, பி12க்கு 2.20. காகிதத்தில் இரண்டு கணக்கிலும் ரிடக்ஸ்தான் முதலிடம். ஆனால் ஹீட்சிங்கில் மாட்டி, ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து அளந்தால் பெரும்பாலும் ஏ12எக்ஸ்25தான் ஓரிரு டிகிரி முந்தி நிற்கும். நடுப்பகுதியில், அதாவது கொஞ்சம் தடை இருக்கிற இடத்தில், அதன் காற்று சட்டென்று விழுவதில்லை. இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெறும் அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டிருக்கிறார்கள், அதனால் நுனி வழியாகக் காற்று திரும்பி ஒழுகுவது குறைவு. ஓடஓட இறக்கை நீண்டு சட்டத்தில் உரசிவிடாமல் இருக்க அதற்கென்றே விறைப்பான ஒரு பிளாஸ்டிக்கும் போட்டிருக்கிறார்கள். விலை கூடுவதற்கு இதெல்லாம்தான் காரணம்.

"ஒரே சத்த அளவுக்கு" என்று சொன்னேன் இல்லையா, ஃபேன்களை ஒப்பிடுவதில் எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான். ஒன்று நிமிஷத்துக்கு 1700 சுற்று, இன்னொன்று 2000. இரண்டையும் முழு வேகத்தில் ஓடவிட்டு வெப்பத்தை மட்டும் குறித்துக்கொண்டால் எது வேகமாகச் சுற்றுகிறது என்று தெரியுமே தவிர, எது நல்ல ஃபேன் என்று தெரியாது. பெட்டியில் உள்ள டெசிபலும் உதவாது. நாக்டுவா டெசிபலில் போடுகிறது, ஆர்க்டிக் பி12க்கு 0.3 சோன் என்று வேறொரு அலகில் போடுகிறது.

நான் செய்வது இதுதான். ராத்திரி, வீடு அடங்கின பிறகு, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது திறக்கிற அமைப்புத் திரை) போய் ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவேன். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து சத்தம் தொந்தரவாகத் தெரியாத வேகம் எதுவோ, அதுதான் அந்த ஃபேனின் வேகம். ஒன்றுக்கு 1300 வரும், இன்னொன்றுக்கு 1100 வரும், பரவாயில்லை. அந்த வேகத்தில் பூட்டிவிட்டு பிராசசருக்கு முழு வேலை கொடுக்கிற சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை இருபது நிமிஷம் ஓடவிட்டு, கடைசி ஐந்து நிமிஷ வெப்பத்தைக் குறித்து, அறை வெப்பத்தைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுகிற எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். செல்போன் டெசிபல் ஆப்பை நம்பாதீர்கள், இவ்வளவு சன்னமான சத்தத்தை அதன் மைக் சரியாகப் பிடிக்காது.

வேகத்தைக் குறைக்கப் பயப்படவும் வேண்டாம். 1700 சுற்றை 1200 ஆக்கினால் காற்று சுமார் 30 சதவீதம் குறையும், சத்தமோ ஏழெட்டு டெசிபல் இறங்கிவிடும். இறக்கிக்கொண்டே வரும்போது ஏதோ ஒரு இடத்தில் மட்டும் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்கும், கூலரோ கேபினெட்டோ கூடச் சேர்ந்து அதிர்வதால் வருவது அது. கையால் கேபினெட்டை அழுத்தினால் நிற்கும். அந்த வேகத்தை ஃபேன் தாண்டிப் போகிற மாதிரி பயாஸில் வைத்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 5600 ஒரு 65 வாட் பிராசசர், முழுச் சுமையிலும் சாக்கெட்டுக்கு 76 வாட்தான் வரம்பு. நாலு ஹீட்பைப்புக்கு அது பெரிய சுமையே இல்லை. பி12 வாங்குங்கள். ஏ12எக்ஸ்25 விலைக்கு இரண்டு மூன்று பி12 வாங்கிவிடலாம், அதோடு தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடுகிற அறையில் மூன்று டெசிபல் வித்தியாசம் காதில் விழவே விழாது. ஏசி போட்டு, கதவைச் சாத்தி, குரல் பதிவு செய்கிறவராக இருந்தால் மட்டும் ஏ12எக்ஸ்25க்குச் செலவு செய்யுங்கள், அது வீண் போகாது. வாங்கும் முன் ஒன்று: பழைய ஃபேனைக் கழற்றி விரலால் சுற்றிப் பாருங்கள். நடுக் குமிழ் ஆடினால் பேரிங் போய்விட்டது, எண்ணெய் விட்டு ஓட்டினாலும் கொஞ்ச நாள்தான். ஆடவில்லை என்றால் ஏதாவது ஒயர் இறக்கையில் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜனவரியில் வீடியோ எடிட் செய்யும்போது பிராசசர் வெப்பம் 74 டிகிரி. இப்போது மே மாதம் அதே வேலைக்கு 85. ஃபேன் பலவீனமாகிவிட்டதா?
– வாசகி, வேலூர்

பதில்: ஜனவரியில் உங்கள் அறை 26 இருந்திருக்கும், இப்போது 36 இருக்கும். பத்து டிகிரி அங்கேயே போய்விட்டது. மிச்சத்துக்குத் தூசு காரணமாக இருக்கலாம். கம்பி கிளிப்பைத் தள்ளி ஃபேனை எடுத்துப் பாருங்கள், ஃபேன் மாட்டியிருந்த பக்கத்துத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் உரித்தால் துண்டாகவே வரும். புளோயர் அடிக்கும்போது இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

கேள்வி: ஹீட்சிங்குக்குப் பின்னாலும் ஒரு ஃபேன் மாட்டினால் வெப்பம் பாதியாகுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆகாது. ஒன்று முதல் மூன்று டிகிரி குறையலாம், அவ்வளவுதான். சத்தமும் சுமார் மூன்று டெசிபல் கூடும். இரண்டு ஃபேனும் ஒரே திசையில் தள்ள வேண்டும். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். இரண்டு ஃபேனையும் ஒரே இணைப்பில் சேர்க்கிற ஒய் கேபிள் போட்டால் ஒரு ஃபேனின் சுற்று எண்ணிக்கை மட்டுமே மதர்போர்டுக்குத் தெரியும், அது சரிதான், கோளாறு என்று நினைத்துக் கழற்றாதீர்கள்.