பிழை திருத்துபவர் விடும் பிழைகள்: வாசகர் கேள்வி-பதில்

கே: எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எல்லோருடைய தமிழையும் திருத்துகிறார். அந்தத் திருத்தத்திலேயே பிழை இருக்கிறது. ஏன் இப்படி? (வெள்ளவத்தை)

ப: எந்த மொழியிலும் நடப்பதுதான். பிறர் எழுத்தைக் குறைகூறி எழுதினால் அந்தக் குறிப்பிலும் ஏதோவொரு பிழை இருக்கும் என்பதற்கு அவுஸ்திரேலியப் பதிப்பாசிரியர் ஜோன் பாங்சண்ட் 1992இல் ‘மஃப்ரி விதி’ என்று பெயர் வைத்தார். ‘பிழைக்கக்கூடியது பிழைத்தே தீரும்’ என்ற ‘மர்ஃபி விதி’யின் பெயரை வேண்டுமென்றே பிழையாக எழுதிய பெயர் அது.

தமிழில் அந்தப் பிழை எங்கே விழும் என்றுகூடச் சொல்லிவிடலாம். திருத்துபவருக்குத் தேவைப்படும் சொற்களே வல்லினம் மிகும் சொற்கள், அதாவது அடுத்த சொல்லுக்கு முன் க், ச், த், ப் என்ற ஒற்று (புள்ளி வைத்த எழுத்து) கூடும் சொற்கள். ‘எழுத்து பிழை’ என்பார். வன்றொடர்க் குற்றியலுகரத்தின் (‘த்து’, ‘ற்று’ போல வல்லின ஒற்றை அடுத்து வரும் ஈற்று உகரம்) பின் மிகும் என்பதால் ‘எழுத்துப் பிழை’. ‘ஒற்றுப் பிழை’யும் அப்படியே. ‘இலக்கணம்’ ஈற்று மகரத்தை இழந்தால் ‘இலக்கணப் பிழை’. ‘திருத்தி கொள்ளவும்’ என்பதில் இகர ஈற்று வினையெச்சம் (இகரத்தில் முடிந்து இன்னொரு வினையை எதிர்பார்க்கும் சொல்) இருக்கிறது. ‘திருத்திக் கொள்ளவும்’ என்று வரவேண்டும். கைத்தொலைபேசியும் உதவாது. அது ‘திருத்தி’யைப் பரிந்துரைக்கும்போது அடுத்த சொல் என்னவென்று அதற்குத் தெரியாது, ஒற்றை நாம்தான் தட்டவேண்டும்.

கே: எதற்கும் இருக்கட்டுமென்று எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டால்? (கொட்டாஞ்சேனை)

ப: பார்ப்பதற்கு அது இன்னும் மோசம். ‘செய்துக் கொண்டு’, ‘வந்துப் பார்’ இரண்டும் தவறு. ‘படித்துப் பார்’, ‘எழுதிப் பார்’, ‘வந்து பார்’ மூன்றும் சரி: உகரத்தில் முடியும் வினையெச்சம் வன்றொடராக இருந்தால் மட்டுமே மிகும்.

‘ஓர் தவறு’ என்பதும் இதே மிகைத் திருத்தம். ஓர் உயிரெழுத்துக்கு முன்தான்: ஓர் எழுத்து, ஒரு தவறு. ‘சுவரில்’ என்பதைச் ‘சுவற்றில்’ ஆக்குபவர் கிணற்றையும் வயிற்றையும் பார்த்து ஏமாறுகிறார். சுவரில் றகரமே கிடையாது.

கே: ‘டொக்டர்’, ‘லொறி’ என்று எழுதினால் சென்னை நண்பர் திருத்துகிறார். (பம்பலப்பிட்டி)

ப: இலங்கையில் ஒகரம், தமிழகத்தில் ஆகாரம். வழக்கு வேறுபாடு, இலக்கணமல்ல. அப்படியே எழுதுங்கள்.

கே: எதைத்தான் திருத்துவது, எப்படி? (கொள்ளுப்பிட்டி)

ப: பொருள் மாறினால் கட்டாயம். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தில் செய்தது. அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அச்சுக்குப் போகுமுன் திருத்துங்கள். காலை வணக்கம் போடுபவரை விட்டுவிடலாம்.

தனிச்செய்தியில், சரியான வடிவத்தை மட்டும் அனுப்புங்கள். விளக்கம் நீள நீளப் பிழைக்கும் இடம் கூடும். அனுப்புமுன் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொற்களில் மட்டும் நின்று, முந்திய சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. பொருளோடு படித்துப்போனால் இல்லாத ஒற்றையும் கண் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.