எதைக் கொடுத்தாலும் வயிறு கெடும் நாய்க்கு, காய்கறிகளை வைத்து வீட்டிலேயே என்ன தின்பண்டம் செய்யலாம்?

கடையில் வாங்கும் பிஸ்கட்டோ மெல்லும் குச்சியோ எதைக் கொடுத்தாலும் மறுநாள் காலையில் மலம் இளகிவிடுகிறது, காய்கறிகளில் எளிதாக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். எங்கள் செம்பிக்கு நான்கு வருடங்களாக நான் அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். தெருவில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்த நாட்டு நாய் அவள். எடை 15 கிலோ. முதல் ஒரு வருடம் அவளுடைய வயிற்றால் நாங்கள் பட்ட கவலை கொஞ்சமல்ல.

செய்முறைக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று எங்கள் கால்நடை மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன், "பத்து நாள் இவள் வாயில் போவதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்" என்றார். சமையலறைக் கதவில் தாளை ஒட்டினோம். காலையில் அம்மா டீயோடு தின்னும் பிஸ்கட்டில் பாதி, என் மகன் கொடுக்கும் முறுக்கு, பக்கத்து வீட்டிலிருந்து வரும் சாம்பார் சாதம், இரவில் ஒரு கிண்ணம் பால் என்று தாள் நிறைந்துவிட்டது. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே வழியில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, இரண்டு வாரம் வழக்கமான உணவை மட்டும் வைத்தோம். மலம் கெட்டிப்பட்ட பிறகே காய்கறிக்குப் போனோம். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். வயிற்றுப்போக்கு இருக்கும்போது புதுப் பண்டம் எதையும் தொடங்கக் கூடாது.

முதலில் கொடுக்க வேண்டியது அரசாணிக்காய். ஈரோட்டுப் பக்கம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் நீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் இளகிய மலம் கொஞ்சம் கட்டுப்படும், இறுகிய மலமும் இளகும். தோலையும் விதையையும் நீக்கிவிட்டு, துண்டுகளை இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து மசியுங்கள். உப்பு, மஞ்சள்தூள், எண்ணெய், நெய் எதுவும் வேண்டாம். முதல் நாள் ஒரு தேக்கரண்டி போதும். மூன்று நான்கு நாள் அதே அளவில் கொடுத்து மலத்தைக் கவனியுங்கள். இந்த நாட்களில் இன்னொரு புதுப் பொருள் சேரவே கூடாது. வீட்டில் உள்ள எல்லோரும் இதற்கு உடன்பட வேண்டும். என் அனுபவத்தில் சமையலைவிட அதுதான் கடினம்.

அரசாணிக்காய் ஒத்துக்கொண்டால் கொழுக்கட்டை செய்யலாம். செம்பிக்கு உயிர் இதில்தான். ஒரு கப் மசித்த காய்க்கு ஏறக்குறைய ஒரு கப் பச்சரிசி மாவு. மாவை வெறும் சட்டியில் லேசாக வறுத்துக்கொண்டு, காய் சூடாக இருக்கும்போதே சேர்த்துப் பிசையுங்கள். காயில் உள்ள நீரே பெரும்பாலும் போதும். வறண்டிருந்தால் கொஞ்சம் வெந்நீர் தெளிக்கலாம். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, இட்லித் தட்டில் 12 முதல் 15 நிமிடம் வேகவைத்தால் ஆயிற்று. கோதுமை மாவை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நாய்களுக்கு உணவு ஒவ்வாமை தருபவற்றில் மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி ஆகியவற்றோடு கோதுமையும் அடிக்கடி பேசப்படுவது. அரிசி பெரும்பாலான நாய்களுக்கு எளிதில் செரிக்கும். ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்து, குளிர் விட்ட பிறகு கொடுங்கள்.

மெல்லுவதற்குக் கேட்கும் நாய்க்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வற்றல் நல்லது. கிழங்கைத் தோல் சீவி, அரைவேக்காடாக அவித்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். நமக்குப் போடும் வற்றலில் உப்பு சேர்ப்பதால் அது கெடாமல் நிற்கிறது. இதில் உப்பே கிடையாது என்பதால், ஒடித்தால் சடக்கென்று உடையும் வரை காய வேண்டும். நடுவில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த ஒரு வில்லைகூட நாய்க்கு நஞ்சாகலாம். சித்திரை வெயிலில் மட்டுமே நான் இதைச் செய்கிறேன். மழைக்காலத்தில், அவித்த கிழங்கை நறுக்கி அப்படியே கொடுத்துவிடுவேன்.

கேரட், பீன்ஸ் இரண்டையும் வேகவைத்துக் கொடுக்கலாம். பச்சைக் கேரட்டைக் கொடுத்தால் சில நாய்களுக்கு அது துண்டு துண்டாக அப்படியே வெளியே வரும். பயப்பட வேண்டாம், அடுத்த முறை துருவி வேகவையுங்கள். சுரைக்காயைக் கொடுப்பதற்கு முன் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், அந்தக் கசப்பு மனிதருக்கும் நாய்க்கும் கேடு. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வாயுவை உண்டாக்கும் என்பதால் இப்படிப்பட்ட வயிற்றுக்கு வேண்டாம். பீட்ரூட் கொடுத்தால் மலம் சிவந்து, இரத்தமோ என்று உங்களைக் கலங்கடிக்கும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. வேகவைத்தாலும், வறுத்தாலும், பொடியாக்கினாலும் அந்தக் கேடு போகாது. சோர்வும் ஈறுகளின் வெளிறலும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், சாம்பார் சாதம்தான் காரணம் என்று பலருக்குப் புரிவதில்லை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுவைக்காக வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்க நினைத்தால், அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இல்லையென்று டப்பாவைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கி உயிரையே எடுத்துவிடும்.

அளவு முக்கியம். நாளின் மொத்தக் கலோரியில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. செம்பி அளவு நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 800 கலோரி தேவை என்று வைத்தால், தின்பண்டத்துக்கு 80. அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு 100 கிராம் கொடுத்தாலே அது தீர்ந்துவிடும். காய்கறிதானே என்று அள்ளி வைத்தால், நார்ச்சத்து கூடியே மலம் இளகும்.

உங்கள் மருத்துவர் ஒவ்வாமையைக் கண்டறிய, அவர் சொன்ன உணவை மட்டுமே கொடுத்துப் பார்க்கும் தனி உணவுச் சோதனை வைத்திருந்தால், அது முடியும் வரை, பொதுவாக எட்டு வாரமாவது, நான் மேலே சொன்ன எதையும் கொடுக்காதீர்கள். ஒரு துண்டு கேரட்கூடச் சோதனையைக் குழப்பிவிடலாம்.

உங்கள் நாயின் வயதை நீங்கள் எழுதவில்லை. தடுப்பூசிகள் முடியாத குட்டியாக இருந்து, வயிற்றுப்போக்கோடு வாந்தியோ சோர்வோ இரத்தமோ தெரிந்தால் அது குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றாக இருக்கலாம். அப்படியானால் அரசாணிக்காயைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.