பிள்ளைகள் குறைந்த நகரத்துப் பள்ளியை மூடலாமா? கடலூரிலிருந்து ஒரு பதில்

கேட்டவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "எங்கள் வார்டில் இருக்கும் அரசுத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. மூடக்கூடாது என்று ஒரு கூட்டம். தரமில்லாத பள்ளி இருந்து என்ன பயன், அமெரிக்காவிலேயே இப்படித்தான் மூடி இணைக்கிறார்கள் என்று இன்னொரு கூட்டம். யார் சொல்வது சரி?"

நான் கடலூர்க்காரி. என் பையன் நகரத்துக்குள் இருக்கும் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில்தான் படிக்கிறான், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். அதனால் நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன். பள்ளியின் பெயர் வேண்டாம், அங்கே இருக்கும் இரண்டு டீச்சர்களுக்கும் ஏற்கெனவே போதுமான தலைவலி இருக்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூடலாமா கூடாதா என்று கத்துவதற்கு முன்னால் ஒரு கூட்டல் கணக்குப் போடுங்கள். எந்தக் கூட்டமும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர், 91 முதல் 120 வரை நான்கு பேர். வகுப்புக்கு ஒருவர் என்று ஐந்து பேர் வேண்டுமானால் 121ஆவது பிள்ளை வந்து சேர வேண்டும். வகுப்பெடுக்கிறவர்களைத் தவிரத் தனியாக ஒரு தலைமை ஆசிரியர் என்பது 150க்கு மேல்தான். இங்கே ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையை எண்ணி, கூடுதலாக இருக்கும் ஆசிரியரை 'உபரி' என்று எழுதி, பணி நிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, 60 பிள்ளை இருக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் ஹெச்.எம்.

அந்த ஹெச்.எம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மீட்டிங் என்று போய்விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நாள் மதியம் போனபோது பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் தரையில் வட்டமாக உட்கார்ந்து எண்ணும் எழுத்தும் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தன. நான்கும் ஐந்தும் வராண்டாவில் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தன. டீச்சர் வாசல்படிக்கும் கரும்பலகைக்கும் நடுவே நின்று, ஒரு கையில் எமிஸ் என்கிற மாணவர் விவரப் பதிவுக்காகப் போனை வைத்துக்கொண்டு, டி.சி. கேட்டு வந்த ஒரு பாட்டியிடம் "நாளைக்கு சார் வந்துடுவாரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அழுத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தது ஐந்தாம் வகுப்புப் பெண். இத்தனைக்கும் அந்த டீச்சர் நல்ல டீச்சர். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமே மூன்று வகுப்பையும் கலந்து உட்கார வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிற முறைதான், அவர் அதை அழகாகவே செய்வார். ஆனால் அது மூன்று வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்றால். ஐந்தையும் ஒரே ஆள் பார்த்தால் யார் செய்தாலும் அது காவல்தான், பாடம் இல்லை.

இப்போது சேர்க்கைக்காக ஒரு அம்மா அந்த நேரத்தில் வந்து எட்டிப் பார்க்கிறார் என்று வையுங்கள். என்ன நினைப்பார்? "கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒண்ணும் நடக்கல" என்றுதான். போய்விடுவார். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறையும். தரம் போனதால் பிள்ளை போனதா, பிள்ளை போனதால் தரம் போனதா என்று பட்டிமன்றம் நடத்தலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இணைப்புக்கு வருவோம். ஒரு பள்ளியில் 55, இன்னொன்றில் 55 என்றால் சேர்த்து 110. முன்பு ஒவ்வொன்றிலும் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், இணைத்த பிறகு ஐந்து வகுப்புக்கு நான்கு பேர். பிள்ளைகளுக்கு லாபம், தூரம் அதிகம் இல்லை என்றால் நானே கையெழுத்துப் போடுவேன். 40ம் 40ம் என்றால் 80, மூன்று பேர். ஓர் இடம் அரசுக்கு மிச்சம், பிள்ளைகளுக்கும் கொஞ்சம் தேவலை. ஆனால் 28ம் 28ம்? கூட்டினால் 56. அதே இரண்டு ஆசிரியர், அதே ஐந்து வகுப்பு, இரட்டிப்புப் பிள்ளைகள். நான்கு பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்ப்பார்கள். இதைத்தான் 'தரத்தை உயர்த்த இணைக்கிறோம்' என்று சொல்வார்கள். மேடையில் பேசுகிறவர் எந்த இணைப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. தாளில் 28ம் 28ம் 56. ஜூன் மாதம் வந்து நிற்பது 56 இருக்காது. சட்டத்தின் விதிகளில் தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, அது வரைபடத்தில் அளக்கிற ஒரு கிலோமீட்டர். நடுவில் இம்பீரியல் சாலை இருந்தால், காலை எட்டரை மணிக்கு சிதம்பரம் பஸ்ஸும் சிப்காட் லாரியும் போகிற நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளை அதைத் தாண்ட வேண்டும் என்றால், அது ஒரு கிலோமீட்டர் இல்லை. எங்கள் பக்கத்து அம்மாக்கள் பலர் விடியற்காலையிலேயே துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போகிறவர்கள், மற்றவர்கள் சித்தாள் வேலை, வீட்டு வேலை. பிள்ளைகள் அண்ணன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தாங்களாகவே நடந்து போகின்றன. பள்ளி தள்ளிப் போனால் ஆட்டோவோ வேனோ வைக்க வேண்டும். வேனுக்கே காசு கொடுப்பதாக இருந்தால் எதற்கு அரசுப் பள்ளி, இங்கிலீஷ் மீடியத்துக்கே அனுப்பிவிடலாமே என்றுதான் யாரும் யோசிப்பார்கள். முடியாதவர் பிள்ளை வீட்டில் நிற்கும், அல்லது லேட்டாகப் போய்க் காலைச் சாப்பாட்டை விடும். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்த பிறகு எங்கள் பள்ளியில் லேட்டாக வருகிறவர்கள் குறைந்தார்கள், அதை எளிதாக நினைக்காதீர்கள். வேன் என்றாலே எங்கள் ஊரில் ஒரு பயமும் உண்டு. 2025 ஜூலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு 'கொஞ்ச தூரம்தானே' என்று யாராவது சொன்னால் இங்கே யாரும் சிரிப்பதில்லை.

சரி, பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? பிறப்பு குறைந்தது ஒரு காரணம், ஊர் கூத்தப்பாக்கம், கோண்டூர் பக்கமாக நகர்ந்துவிட்டது இன்னொன்று. ஆனால் எங்கள் தெருவில் நான் பார்ப்பது வேறு. பிள்ளை ஐந்து வயதில் அரசுப் பள்ளியை விட்டுப் போவதில்லை. மூன்றரை வயதில், எல்.கே.ஜி.யில் போய்விடுகிறது. 2019இல் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான் தொடங்கியது. நம் தெருத் தொடக்கப்பள்ளியில் அது கிடையாது. டை கட்டி வேன் ஏறிய பிள்ளையை இரண்டு வருடம் கழித்து ஒன்றாம் வகுப்புக்கு யார் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்?

அந்த எல்.கே.ஜி.க்குக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று இருக்கும் 25 சதவீத ஒதுக்கீட்டில் அரசே தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிறது என்பது வேடிக்கை. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் அந்த ஒதுக்கீடு வேண்டாம் என்று கர்நாடகத்தில் 2019இல் விதியை மாற்றினார்கள். மகாராஷ்டிரத்தில் 2024இல் அப்படி மாற்றப் பார்த்து பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. நான் அந்த ஒதுக்கீட்டுக்கு எதிரி இல்லை, என் நாத்தனார் மகளே அதில்தான் படிக்கிறாள், எடுத்துவிட்டால் முதலில் சண்டைக்கு வருவது அவர்தான். ஒரு பக்கம் பிள்ளையை வெளியே அனுப்பக் காசு கொடுத்துவிட்டு இன்னொரு பக்கம் 'பிள்ளைகளே இல்லை' என்று ஆச்சரியப்படக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

மேல் வகுப்புகளைப் பாருங்கள், கதை வேறு மாதிரி. மருத்துவத்தில் 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரி போனால் மாதம் ஆயிரம் ரூபாய், எல்லாவற்றுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். ஐந்து வரைக்கும் எங்கே படித்தாலும் சரி. அதனால் ஐந்தாவது வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, பெற்றவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஆனால் 'அரசுப் பள்ளியே வேண்டாம் என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள்' என்கிற பேச்சு பொய். இந்தச் சலுகைகளில் ஒன்றுகூடத் தொடக்கப்பள்ளியைத் தொடாதபோது காலியாவது தொடக்கப்பள்ளிதான்.

பாண்டிச்சேரிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அங்கே அரசுப் பள்ளிக்கே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் வந்ததே என்பார்கள். 2023இல் மேல் வகுப்புகளையும் மாற்றி, 2025இல் பத்தும் பன்னிரண்டும் முதல் தடவையாக சி.பி.எஸ்.இ. பரீட்சை எழுதினார்கள். நல்லதா கெட்டதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். எல்.கே.ஜி.க்கு இடம் தேடுகிற அம்மா எந்த போர்டு என்று கேட்டு நான் பார்த்ததில்லை. வேன் உண்டா, இங்கிலீஷ் பேசுவார்களா, மிஸ் திட்டுவாரா, இவ்வளவுதான்.

அமெரிக்கா பற்றி உங்கள் வார்டுக்காரர் சொன்னதில் மூடினார்கள் என்பது மட்டும் உண்மை. சிகாகோவில் 2013இல் ஒரே மூச்சில் 50 பள்ளிகள் வரை மூடினார்கள். வகுப்புக்கு 30 பிள்ளை என்று வைத்து, அதற்கு ரொம்பக் குறைந்தால் கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்று கணக்குக் காட்டினார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகள். சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கையில், மூடப்போகிறோம் என்று அறிவித்த அந்த வருடத்திலேயே பிள்ளைகளின் படிப்பு சறுக்கியது, கணக்கில் அந்தச் சறுக்கல் சில வருடம் நீடித்தது என்று இருக்கிறது. அறிவித்த வருடத்திலேயே என்பதைக் கவனியுங்கள். இன்னும் யாரும் இடம் மாறவே இல்லை. உங்கள் வார்டிலும் இப்போது அந்த 'பேச்சு'தான் ஓடுகிறது. மூடப்போகிறார்களாம் என்று கேட்டவுடன் இரண்டு வீட்டில் டி.சி. வாங்கிவிடுவார்கள், எண்ணிக்கை இன்னும் இறங்கும், பார்த்தீர்களா நாங்கள்தான் சொன்னோமே என்பார்கள். வதந்தியைப் பரப்புகிறவர் ஆதரவாளரா எதிர்ப்பாளரா என்பது முக்கியமில்லை, கேடு ஒன்றுதான்.

போராடுகிறவர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ராஜாஜி மூடினார், காமராஜர் திறந்தார் என்று எல்லா போஸ்டரிலும் போடுகிறார்கள். நல்ல வரலாறுதான், ஆனால் அன்றைக்குப் பிள்ளைக்குப் போகப் பள்ளி இல்லை, இன்றைக்கு எங்கள் தெருமுனையில் நின்றால் எத்தனை பள்ளி போர்டு தெரிகிறது! போஸ்டர் ஒட்டுகிறவரின் பேரப்பிள்ளை எந்த வேனில் போகிறது என்று தெருவுக்கே தெரியும். மறுபக்கம், ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிக்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. 2019இல் அப்படிப்பட்ட 46 பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது. பூஜ்யத்தோடு யார் வாதாட முடியும்? ஏழு பிள்ளை இருக்கும் பள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் அந்த ஏழு பேருக்கு நாம் செய்கிற உபகாரம் இல்லை, விளையாடக்கூட ஆள் இல்லாமல் போகும்.

உங்கள் ஊருக்கு அதிகாரி கூட்டம் போட வந்தால் 'மூடாதே' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். இணைத்த பிறகு எத்தனை ஆசிரியர் இருப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள், சாலையைத் தாண்ட ஆள் யார் என்று கேளுங்கள், மலைக் கிராமங்களுக்கு வழிக்காவலர் ஏற்பாடு இருக்கிறதே, நகரத்துப் பிள்ளைக்கு ஏன் கூடாது? காலியாகும் கட்டடத்தை என்ன செய்வீர்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள், நகரத்துக்குள் மெயின் ரோட்டோரப் பள்ளி இடம் என்ன விலை போகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அதிகாரி சொன்ன பதிலை மேலாண்மைக் குழுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த மாறுதல் வரைக்கும்தான் நிற்கும்.

கூட்டமெல்லாம் வருவதற்கு முன்னால், இந்த வாரமே ஹெச்.எம்.மிடம் போய் எத்தனை பிள்ளை என்று கேளுங்கள். 54 என்றால் 61க்கு ஏழு பேர்தான் பாக்கி, மூன்றாவது ஆசிரியரைக் கேட்க உரிமை வந்துவிடும். அந்த ஏழு பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அங்கன்வாடி அக்காவுக்குப் பெயரோடு தெரியும். மார்ச்சிலேயே போய்ப் பேசிவிடுங்கள், மே மாதம் போனால் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்து முடித்திருப்பார்கள்.