தாலி கட்டும்போது பெண்ணின் அம்மா எங்கே?

கேள்வி: அக்கா, கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பா இல்லை. வருகிற தையில் தங்கைக்குக் கல்யாணம். கோத்தகிரியிலேயே மண்டபம், காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு திருப்பூர். போட்டோவுக்கு இரண்டு இடத்தில் விசாரித்திருக்கிறேன். கோயம்புத்தூர் குழு ஒன்று கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுக்கும் படம்) எடுக்கிறது, 1,40,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் படங்கள் அருமையாக இருக்கின்றன. உள்ளூர் ஸ்டுடியோ அண்ணன் 55,000 சொல்கிறார். அம்மாவுக்கு அவர்தான் வேண்டும். தங்கையோ, ‘அவர் எடுத்தால் எல்லோரும் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி நிற்போம்’ என்கிறாள். யாரைப் பிடிப்பது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, இன்ஸ்டாகிராமைக் கொஞ்சம் மூடி வையுங்கள். ஐம்பது கல்யாணத்தில் தேறிய ஐம்பது படங்கள் அங்கே இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரே கல்யாணம், முழுசாக. ‘நீங்கள் எடுத்த ஏதாவது ஒரு விடிகாலை முகூர்த்தத்தை, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்டுங்கள்’ என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் காட்டட்டும். ஆல்பமாகப் போட்டது வேண்டாம், எடுத்த வரிசையிலேயே வேண்டும்.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள். தாலி கட்டுகிற அந்த அரை நிமிடத்தில் பெண்ணின் அம்மா முகம் ஒரு படத்திலாவது இருக்கிறதா? தாலியை எல்லோரும் எடுத்துவிடுவார்கள். கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை தூவ எல்லோரும் முண்டியடிக்கிற அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் தாலியைப் பார்க்க, இன்னொரு ஆள் திரும்பி நின்று அம்மாவைப் பார்த்திருந்தால், அவர்களுக்குத் தொழில் தெரியும். என் கல்யாண ஆல்பத்தில் அந்த இடத்தில் இருப்பது வீடியோ எடுத்தவரின் முழங்கை. இருபது வருஷமாக அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது வெளிச்சம். நம் மலையில் பாதி விஷயம் இதுதான். தை மாதத்தில் சூரியன் உதிக்கவே ஆறே முக்கால் ஆகிவிடும். மூடுபனி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே உங்கள் முகூர்த்தத்தின் முதல் பாதி இருட்டில்தான் நடக்கப்போகிறது. சமவெளியில் மதிய வெயிலில் தென்னந்தோப்பில் எடுத்த படத்தை வைத்து இதற்கு ஆள் பிடிக்க முடியாது. அப்புறம் அந்த மேடை விளக்குகள். அலங்காரம் செய்கிறவர்கள் ஊதாவும் நீலமுமாக எல்இடி வைத்துவிடுகிறார்கள். அரக்குக் கூறைப்புடவை கத்திரிப்பூ நிறத்துக்குப் போய்விடும், முகமெல்லாம் நீலம் பாரிக்கும். எத்தனை லட்ச ரூபாய் கேமராவாக இருந்தாலும் அதை முழுக்கச் சரிசெய்ய முடியாது. முகூர்த்தம் முடியும் வரை மேடையில் வெள்ளை விளக்கு மட்டும் போதும் என்று அலங்காரக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

குளிரும் ஒரு வேலை செய்யும். ராத்திரி முழுக்க காரிலேயே கிடந்து சில்லிட்ட கேமராவை, ஹோமம் எரிகிற, நூறு பேர் மூச்சு விடுகிற மண்டபத்துக்குள் திடீரென்று கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படியும். டீ குடிக்கும்போது மூக்குக் கண்ணாடி மங்குமே, அதே கதைதான். துடைத்தாலும் மறுபடி படியும். அது தானாகத் தெளிய நேரம் எடுக்கும், ஐயர் அதற்காகக் காத்திருக்க மாட்டார். மலையில் வேலை செய்து பழகியவர்கள் கேமராவைப் பையோடு முன்கூட்டியே மண்டபத்துக்குள் கொண்டுவந்து, பையைத் திறக்காமலே சூடு ஏற விடுவார்கள். பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால். ‘லென்ஸ் மங்கினால் என்ன செய்வீர்கள்?’ என்று கோயம்புத்தூர்காரரிடம் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அவர்களைப் பிடிப்பதானால், முதல் நாள் மாலையே மேலே வந்து தங்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி வந்துவிடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் குஞ்சப்பனை வழியில் யானை நின்றால் நின்றதுதான். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பது 2024 மே 7 முதல் இருக்கிறது. நம் நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிக்குத் தேவையில்லை என்பதால் நமக்கு அது ஞாபகமே வராது, அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும்தான். தங்கும் அறை, சாப்பாடு யார் செலவு என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். ட்ரோன் பற்றி அவர்கள் பேச்செடுத்தால், காடும் ராணுவப் பகுதியும் உள்ள மாவட்டம் இது, அனுமதி அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால் ட்ரோனே வேண்டாம். பனிமூட்டத்தில் மண்டபத்துக் கூரையை மேலிருந்து பார்த்து என்ன செய்ய?

எந்தப் பக்கம் போனாலும், அன்றைக்கு நேரில் வரப்போவது யார் என்று பெயரோடு கேளுங்கள். தை மாதத்தில் ஒரே நாளில் நாலு முகூர்த்தம் பிடித்துவிட்டு, பேசியவர் ஓரிடமும் தம்பிமார் மூன்றிடமுமாகப் போவது இந்தத் தொழிலில் சகஜம். கேமராவில் இரண்டு மெமரி கார்டிலும் ஒரே நேரத்தில் படம் பதிகிறதா, எடுத்த எல்லாப் படங்களையும் ஹார்டு டிஸ்கில் தருவார்களா, ஆல்பம் எத்தனை பக்கம், என்றைக்குக் கையில் வரும், இதெல்லாம் தாளில் இருக்கட்டும். நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமை நமக்குத்தான் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ‘வேறு ஒப்பந்தம்’ என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கும், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். பணத்தைப் பிரித்துக் கொடுங்கள், கடைசித் தவணை ஆல்பம் வந்த பிறகு.

சரி, யாரைப் பிடிப்பது? முழுக் கல்யாணத்தைக் காட்டச் சொன்ன சோதனையில் உள்ளூர் அண்ணன் தேறினால், எனக்கு அவர்தான். மண்டபத்தில் எந்த மூலையில் விளக்கு வைத்தால் கண் கூசாது என்று அவருக்குத் தெரியும், உங்கள் சித்தப்பா யார், பெரியப்பா யார் என்றும் தெரியும். தங்கை சொல்வதும் நியாயம்தான். விறைத்து நிற்காத படங்களுக்கு, கேண்டிட் எடுக்கிற இளைஞர் ஒருவரை அவரே அழைத்துவரட்டும். 55,000 என்பது கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. அவரே அழைத்துவரட்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தனித்தனியாக இரண்டு குழு பிடித்தால் மேடையில் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள். எனக்கு முழங்கை வந்தது அப்படித்தான். அவர் காட்டத் தயங்கினால் யோசிக்காமல் கோயம்புத்தூர் போங்கள்.

பாட்டி இருக்கிறாரா? அவரை முதல் நாள் சாயங்காலமே தங்கையோடு உட்காரவைத்து எடுத்துவிடச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு ஸ்வெட்டரும் குல்லாவுமாகத்தான் வருவார், கழற்றச் சொன்னால் திட்டு விழும். இன்னொன்று, பொரியிடும் சடங்கு உங்கள் வழக்கத்தில் உண்டென்றால், தங்கை கையில் பொரி எடுத்துக் கொடுக்க அண்ணன் வேண்டும். அந்த நேரம் பார்த்து, பந்திக்கு கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள். போகாதீர்கள்.