தாண்டிப்போன பக்கங்கள்

அன்புள்ள ஐயா,

என் தம்பி அடுத்த வருடம் உயர்தரம் எடுக்கிறான். கலைப்பிரிவு. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இவ்வளவு நாளும் நானும் அம்மாவும் வாசித்துக் கொடுத்தே படிப்பித்துவிட்டோம். இனி என்ன என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் விடுதியில் எப்படி விடுவது? வீட்டிலிருந்து வெளிவாரிப் பட்டம் செய்தால் போதாதா? அவனுக்குப் பொருத்தமான பாடங்கள் எவை? அரசாங்க வேலையில் மூன்று வீதம் ஒதுக்கீடு என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் மூன்று பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். இந்தச் சுருக்கும் பழக்கம் எனக்கு ஒரு பழைய வியாதி, அதைப் பிறகு சொல்கிறேன்.

கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். மூன்று வீதம் உண்மைதான். 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கச் சுற்றறிக்கை அது. அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடு என்கிறது. 35 வருடத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியை நினைத்துப் பயப்படுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, விசேட ஏற்பாடு பற்றிய பகுதியை வாசியுங்கள். பரீட்சையில் எழுதித்தர ஆளும் மேலதிக நேரமும் வேண்டுமென்றால் பரீட்சைத் திணைக்களத்திடம் நேரத்தோடு கேட்க வேண்டும். பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். எந்தப் பாடம் பொருத்தம் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? தம்பிக்கு எது பிடிக்கும் என்று மூன்று பக்கத்தில் ஒரு வரிகூட இல்லையே.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. உங்கள் கடிதம் வேர்ட் கோப்பாக, பாமினி எழுத்துருவில் வந்தது. அதைக் கண்டதும் எனக்கு ஏறிய கோபத்தை இறக்கிவைக்க இரண்டு நாள் ஆனது.

பாமினியில் தட்டிய ‘அம்மா’ உங்கள் கண்ணுக்குத்தான் அம்மா. கணினிக்கு அது எம், கே, ஓர் அரைப்புள்ளி, அப்புறம் கே, எச். தமிழ் எழுத்தின் படத்தை ஆங்கில எழுத்துகளின் மேல் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் போர்வையைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒரு பக்கம் முழுவதும் இப்படியே கரகரவென்று ஏதோ சொல்லிக்கொண்டு போகும். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோட். 1991இல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழ் இருக்கிறது. இருந்தும் நம் கந்தோர்க் கடிதம், பள்ளிக்கூட வினாத்தாள், விரிவுரைக் குறிப்பு என்று எத்தனை இன்னும் பாமினியில் வருகின்றன! இல்லாவிட்டால் போனில் படம் பிடித்து, அந்தப் படங்களைச் சேர்த்து ஒரு பிடிஎப். அதில் எழுத்தே இல்லை. பாமினியை யூனிகோடாக மாற்ற இணையத்தில் இலவசக் கருவி இருக்கிறது. ஒட்டினால் மாறிவிடும், ஒரு நிமிட வேலை. என்விடிஏ என்ற திரைவாசிப்பானும் இலவசம், தமிழ் வாசிக்கும். இவ்வளவும் இருக்க, தம்பியைப் பற்றி மூன்று பக்கத்தை அவரே வாசிக்க முடியாத எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை.

நானும் செய்திருக்கிறேன். 1990களின் நடுவில் வந்தாறுமூலையில் எனக்கொரு கூட்டாளி இருந்தான், பார்வையில்லாதவன். பாடப்புத்தகத்தை நான் வாசித்துக் கசெட்டில் பதிந்து கொடுப்பேன், அவன் இரவிரவாகக் கேட்பான். ஊருக்குப் போகும்போது ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். பழைய கல்லடிப் பாலம் வந்துவிட்டதென்று என்னை முந்தி அவன்தான் சொல்வான். இரும்பின் சத்தம் மாறும், வாவிக் காற்று முகத்தில் அடிக்கும், நீ என்னடா கண்ணை வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிறாய் என்பான். விடுதியில் எப்படி விடுவது என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

ஒருமுறை வரலாற்றுப் புத்தகத்தில் முகலாயர் கால நிலவரி பற்றி ஓர் அத்தியாயம். மத்தியானச் சூடு, எனக்கு அலுத்துவிட்டது. இது பரீட்சைக்கு வராது என்று நானே முடிவெடுத்துப் பதினொரு பக்கத்தைத் தாண்டி, அடுத்த அத்தியாயத்தை நல்ல பிள்ளைபோல வாசித்துப் பதிந்து கொடுத்தேன். தாண்டியதைச் சொல்லவும் இல்லை. பரீட்சையில் அதிலிருந்துதான் கேள்வி வந்தது. நான் ஒப்புக்கொண்டபோது அவன் ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மச்சான், எனக்கு எது வேணாமெண்டு நீ எப்பிடி முடிவெடுத்த?” என்று மட்டும் கேட்டான்.

தங்கச்சி, நீங்களும் அம்மாவும் இத்தனை வருடமாக வாசித்துக் கொடுத்தது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராத்திரி விளக்கடியில் தொண்டை கட்டக்கட்ட வாசித்திருப்பீர்கள். ஆனால் எத்தனை பக்கம் தாண்டியிருப்பீர்கள்? இது அவனுக்குச் சரிவராது, இது கஷ்டம், இதைக் கேட்டால் மனம் நோவான் என்று? வெளிவாரிப் பட்டம் போதாதா என்ற உங்கள் கேள்வியும் அப்படித் தாண்டிய ஒரு பக்கம்தான். வெளிவாரி கூடாதென்று சொல்லவரவில்லை. அதை அவர் கேட்டாரா, நீங்கள் கேட்கிறீர்களா?

பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். இந்த வருடமே தொடங்கலாம். வாசித்துக் கொடுப்பதைப் பாதியாகக் குறையுங்கள். போனிலும் கணினியிலும் தானே வாசிக்கட்டும். ஆசிரியரிடம் போய், சேர், குறிப்பை யூனிகோடில் தாருங்கள் என்று தம்பி தன் வாயால் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது. முதல் ஆசிரியர் முகத்தைச் சுளிப்பார், மூன்றாமவர் தருவார். நாளைக்கு நேர்முகப் பரீட்சையில், இந்த வேலையை எப்படிச் செய்வீர் என்று கேட்கும்போது பேச வேண்டியதும் அதே வாய்தான். விரலால் தடவி வாசிக்கும் பிறெயில் எழுத்துத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால் இப்போதும் பிந்திவிடவில்லை. போன் வந்தபிறகு பிறெயில் எதற்கு என்பவர்களோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு. காதால் மட்டும் படித்த பிள்ளைக்கு எந்த இடத்தில் ‘ல’, எந்த இடத்தில் ‘ள’ என்று யார் சொல்லிக் கொடுப்பது?

என் கூட்டாளி இப்போது படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறான். பிள்ளைகளை எழுப்பி, எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லித்தான் திருத்துவான். ஒரு வரி தாண்டினாலும் குரலில் பிடித்துவிடுவானாம். யாரிடம் பழகியது என்று நான் கேட்டதில்லை.

இந்தப் பதில் யூனிகோடில்தான் இருக்கிறது. இணைப்பைத் தம்பியின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம், உங்களை ஏசிய இடங்களைத் தாண்டிவிடுவீர்கள்.