பத்தாம் வகுப்பு: வகுத்தல் வரவில்லை, ஸ்லிப் டெஸ்டில் காப்பி

வணக்கம் டீச்சர். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறீர்கள், பாதிப் பேருக்கு வகுத்தலே தெரியவில்லை, டெஸ்ட் வைத்தால் பார்த்து எழுதுகிறார்கள், தனியாக நீதிபோதனை வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம் என்பேன். தெரியாத பிள்ளை வேறு என்னதான் செய்யும்? பக்கத்துப் பேப்பரைத்தான் பார்க்கும்.

வினாத்தாளில் வரைபடமும் வடிவியலும் தலா 8 மதிப்பெண். வகுத்தல் தடுமாறுகிறவனும் ஸ்கேல், காம்பஸ் பிடித்துப் பழகினால் 16-ஐத் தொட்டுவிடலாம். முதலில் அதை எடுங்கள். தினமும் பீரியட் தொடக்கத்தில் பத்து நிமிடம் வாய்ப்பாடும் வகுத்தலும் மட்டும். பாடம் முடியாதே என்று பயம் வரும், பரவாயில்லை.

ஸ்லிப் டெஸ்ட் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிக்காதீர்கள். தப்பான கணக்கைத் தானே திருத்திக் கொண்டு வந்தால் பாதி மதிப்பெண் கொடுங்கள். விடைத்தாளை அவர்களையே திருத்த விடுங்கள். முதல் வாரம் ஏமாற்றுவார்கள்தான். நீங்கள் சும்மா நான்கைந்து தாளை மட்டும் மறுபடி பாருங்கள், திட்டாமல் திருப்பிக் கொடுங்கள். நேர்மை அந்த இடத்தில்தான் பழகும், போர்டில் எழுதிப் போடும் பொன்மொழியில் இல்லை.

அப்புறம், 35 எடுத்தால் போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், 60 எடுக்கக்கூடியவனும் அங்கேயே நின்றுவிடுவான். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எப்படிப் போகிறது என்று இங்கேயே எழுதுங்கள்.