32 அங்குல டிவிக்கு 200 வெள்ளிக்குள் எந்த ஸ்ட்ரீமிங் பெட்டி எடுக்கலாம்?

வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் வீட்டில் 32 அங்குலப் பழைய டிவி, யூடியூப்பும் நெட்பிளிக்ஸும் போதும், பாசார் மாலாமில் பார்த்த '8கே' பெட்டியை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். அந்த மாதிரிப் பெட்டிகளில் பெரும்பாலும் வைட்வைன் எல்1 சான்று (படத்தைத் தெளிவாகக் காட்ட நெட்பிளிக்ஸ் கேட்கும் காப்புச் சான்று) இருக்காது. நெட்பிளிக்ஸ் திறந்தாலும் படம் 480பி-யைத் தாண்டாது. முகமெல்லாம் மங்கல், சப்டைட்டில் ஓரம் பிசிறும்.

கூகள் டிவி சான்றுள்ள ஷாவ்மி ஸ்டிக் (டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் சின்னக் கருவி) போன்றதை எடுங்கள். அட்டையில் சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள், ரிமோட்டில் நெட்பிளிக்ஸ் பட்டனும் இருக்கட்டும். ரேம் 2 ஜிபி. 1 ஜிபி மலிவுதான், ஆனால் ஓர் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் திணறும். உங்கள் டிவிக்கு 4கே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பலர் சறுக்குவது மின்சாரத்தில். டிவியின் யூஎஸ்பி 2.0 துளை 0.5 ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு 5 வோல்ட், 1 ஆம்பியர் வேண்டும். அந்தத் துளையில் செருகினால் லோகோ வரும், அணையும், மறுபடி வரும். பொருள் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்! கூட வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.

எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரும் போடுங்கள். ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டிக் கிடந்தால் வைஃபை மறைபடும். ரௌட்டர் முன் ஹாலில், டிவி பின்னறையில் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் இணையுங்கள். சுவரைத் தாண்டி அதுதான் நன்றாக வரும். 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ் இணைய வேகம் நிலையாகக் கிடைத்தால் போதும்.